ஆறு மணி நேரத் தூசி

ஆரோவிலை ஒட்டிய இடையஞ்சாவடிப் பக்கம் வீட்டைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போவதில்லை. ஓர் அறையில் ஜன்னலை உடைத்துக்கொண்டிருப்பார்கள், அடுத்த அறையில் பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும். கூடத்தில் டைல்ஸ் அறுப்பார்கள், அடுப்படியில் சோறு வெந்துகொண்டிருக்கும். பீரோ, கட்டில், டி.வி. எல்லாம் ஒரே அறைக்குள் அடைக்கப்பட்டு, மேலே பழைய புடவை போர்த்தப்பட்டிருக்கும். வேலை முடியும்வரை இன்னொரு வீட்டுக்கு வாடகை கொடுக்க எத்தனை பேரால் முடியும்? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை. ஓதமேறிய கூரையும் பூச்சு உதிர்ந்த சுவருமாக அந்த மழை இந்த வட்டாரத்தில் பல வீடுகளுக்கு வேலை வைத்துவிட்டுப் போனது.

சாயங்காலம் மேஸ்திரியும் ஆட்களும் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பியதும் வீட்டுப் பெண்களின் வேலை தொடங்குகிறது. பெருக்குகிறார்கள், துடைக்கிறார்கள், மறுபடியும் துடைக்கிறார்கள். ராத்திரி படுக்கும்போது தரை பளிச்சென்று இருக்கிறது. விடிந்து எழுந்து கால் வைத்தால் பாதம் பதிகிறது. இரவில் யாரும் வந்து கொட்டவில்லை. துடைக்கும்போதே அந்தத் தூசி வீட்டுக்குள்தான் இருந்தது, தலைக்கு மேலே.

காற்றில் ஒரு துகள் எவ்வளவு வேகத்தில் கீழே இறங்கும் என்று கணக்கிட 1851-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் ஒரு சூத்திரம் கொடுத்தார். துகளின் விட்டம் பாதியானால் இறங்கும் வேகம் நான்கில் ஒன்றாகிவிடும் என்பது அதன் சாரம். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகளுக்கு அதைப் போட்டுப் பார்க்கலாம். தலைமுடியின் தடிமனைவிடச் சற்றுச் சிறிய 50 மைக்ரான் துகள், இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து பத்து விநாடியில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்கு நான்கு நிமிடம் ஆகும். இரண்டரை மைக்ரான் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரு மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். இது காற்று அசையாத அறைக்கான கணக்கு. ஆள் நடமாட்டமும் மின்விசிறியும் இருக்கும் வீட்டில் அது இன்னும் நீளும்.

ஆக, ஐந்தரை மணிக்கு ஆட்கள் போனதும் ஆறு மணிக்குத் துடைத்தால், அறுத்த தூசியின் கனமான பங்குதான் அகப்படும். மெல்லியது நடுராத்திரிக்கு மேல்தான் இறங்கும். போதாக்குறைக்குப் பூந்துடைப்பம் வேறு. அது பெரிய துகளைத் தள்ளிக்கொண்டு போகிறது, சிறியதைக் கிளப்பிவிடுகிறது. மாலை வெயில் சாய்வாக விழும் ஜன்னலோரம் நின்று, உலர்ந்த தரையை யாராவது பெருக்கும்போது பாருங்கள். துடைப்பம் போய் நெடுநேரம் ஆன பிறகும் அந்த ஒளிப்பட்டையில் புழுதி சுழன்றுகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். நுரையீரலின் அடிவரை போகக்கூடியது தனித்தனித் துகளாகக் கண்ணுக்குத் தெரியாது.

எனவே, துடைக்கும் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. மாலையில் கல், காரை, உடைந்த டைல்ஸ் துண்டு ஆகியவற்றை ஈரப்படுத்தி வாரினால் போதும். மின்விசிறி போட வேண்டாம். குடிதண்ணீர்ப் பானை, சோற்றுப் பாத்திரம் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, மீதியைக் காலைக்கு விட்டுவிட வேண்டும். விடிந்ததும், ஆட்கள் வருவதற்கு முன், ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். முதலில் மின்விசிறி இறக்கை, அப்புறம் அலமாரி மேல்தட்டு, ஜன்னல் கட்டை, கடைசியில் தரை. மாலையில் மூன்று முறை துடைத்து இடுப்பு ஒடிவதைவிடக் காலையில் ஒருமுறை துடைப்பது அதிகத் தூசியை எடுக்கும். வீட்டில் கிருமிக்குப் பயந்து தினமும் பினாயில் ஊற்றுகிறவர்களும் உண்டு. சிமெண்ட் தூசிக்கும் பினாயிலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

தண்ணீர் தெளித்துப் பெருக்குவது நமக்குப் புதிதில்லை. தினமும் வாசலில் நடப்பதுதான். அதன் இயற்பியல் எளிது. இரண்டு துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் நின்றால், அதன் பரப்பு இழுவிசை அவற்றை ஒட்டவைக்கிறது. துகள் சிறுக்கச் சிறுக்க அதன் எடை வெகுவேகமாகக் குறையும், ஒட்டும் விசை அவ்வளவு குறையாது. அதனால் கொஞ்சம் ஈரமே மெல்லிய தூசியைத் தரையோடு பிடித்து வைத்துவிடும். ஆனால் பறந்துகொண்டிருக்கும் தூசி மேல் சொம்புத் தண்ணீரை வீசிப் பயனில்லை. பெரிய துளி விழும்போது அதைச் சுற்றி விலகும் காற்றோடு சிறு துகளும் விலகிப் போய்விடும். தண்ணீர் முந்திக்கொள்ள வேண்டும். இடிப்பதற்கு முன் சுவரில் அடித்து, அது உள்ளே இழுக்கும்வரை பொறுத்து, அப்புறம் சுத்தியலை எடுக்க வேண்டும். ஆசாரி வேலையும் சேர்ந்து நடந்தால் அவர் இழைத்துத் தள்ளிய மரத்தூளைக் குப்பையில் போடாதீர்கள். அதைப் பிசிறும் அளவுக்கு ஈரமாக்கித் தரையில் தூவிப் பெருக்கினால், சிமெண்ட் தூசியைத் தன்னோடு உருட்டிக்கொண்டு வந்துவிடும்.

இந்த மேட்டில் சிமெண்ட் தூசியோடு செம்மண்ணும் சேர்ந்துகொள்கிறது. 1968 பிப்ரவரி 28-இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது இது மரம் மட்டை அதிகமில்லாத செம்மண் பொட்டலாகக் கிடந்தது. பிறகு காடு வளர்ந்தது, மண் அதே மண்தான். ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் இதே செம்மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்திச் சுடாத கல் செய்யும் முறையைப் பரப்பியது. அக்கம்பக்கத்தில் அப்படிக் கட்டிய சுவர்கள் இருக்கின்றன. அவற்றில் புதிதாகக் கதவுக்கு வழி வெட்டினால் செங்கல் தூசிபோலச் சொரசொரப்பாக வராது. செம்மண்ணில் களிமண் கலந்திருக்கும். களிமண் என்று மண்ணியலார் சொல்வதே 2 மைக்ரானுக்குக் குறைந்த துகளைத்தான். உலர்ந்து பறந்தால் அது மணிக்கணக்கில் இறங்காத வகை.

செம்மண் கறையைப் பிளீச்சிங் பவுடரால் போக்கப் பார்ப்பது வீண். சிவப்புக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு. ஏற்கெனவே முழுக்க ஆக்சிஜனேற்றம் அடைந்த பொருளிடம் பிளீச்சிங் பவுடருக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. துணியில் பட்டால் ஈரத்தோடு தேய்க்காமல், காயவிட்டு உதறிவிட்டு, மிச்சத்துக்கு எலுமிச்சைச் சாறு போடலாம். அதிலுள்ள சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமெண்ட் அடைத்த பிறகு செம்மண் கலங்கிய தண்ணீரால் மெழுகினால் இடுக்கு முழுக்கச் சிவப்பேறிவிடும். வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றுவதைத் தவிர அதற்கு வேறு குறுக்குவழி இல்லை.

அடுத்தது உப்பு. இங்கிருந்து வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். கிழக்கே சில கிலோமீட்டரில் கடல். நாம் தெளிக்கச் சொன்ன தண்ணீரே உவர்ப்பாக இருந்தால் கதை மாறுகிறது. ஒரு லிட்டரில் 2 கிராம் உப்பு இருக்கும் போர்த் தண்ணீரால் மெழுகி, தரையில் இரண்டு லிட்டர் தங்கி உலர்ந்தால், 4 கிராம் உப்பு தரை முழுக்கப் பரவிக் கிடக்கும். சோடியம் குளோரைடுக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கீழே வந்தால் மறுபடி படிகமாகும். இந்தக் கரையில் பெரும்பாலான இரவுகள் 75-க்கு மேல், பகல் பல நாள் அதற்குக் கீழ். எனவே உப்புப் படிந்த தரையும் கம்பியும் இரவில் பிசுபிசுக்கும், நடுப்பகலில் உலரும். இறங்கிவரும் சிமெண்ட் தூசி அந்தப் பிசுபிசுப்பில் ஒட்டி, ஈரத்தை எடுத்துக்கொண்டு, மெல்ல இறுகத் தொடங்குகிறது. டைல்ஸ் மேல் எத்தனை துடைத்தாலும் போகாமல் நிற்கும் சாம்பல் பூச்சு பல நேரம் இப்படி வந்ததுதான். மின்சாரச் சாமான்களுக்கு இது இன்னும் கெடுதல். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் அரிக்கும். சுவர் அறுக்கும் நாளில் ஏ.சி.யை ஓட்டக்கூடாது. பாலித்தீன் உறை போட்டுக் கட்டிவைக்க வேண்டும். ஃபிரிட்ஜின் பின்பக்கத்தையும் கம்ப்யூட்டரையும் வேலை முடிந்ததும் ஒருமுறை தூசி தட்டிப் பார்க்க வேண்டும்.

மழைநீர் சேமித்து வைத்திருப்பவர்கள், வேலை நடக்கும் மாதங்களில் துணி துவைப்பதற்கு அதைச் செலவழிக்காமல் துடைப்பதற்கு ஒதுக்கலாம். இல்லாவிட்டால் முதல் மெழுகலுக்குப் போர்த் தண்ணீர், கடைசி மெழுகலுக்கு மட்டும் இரண்டு குடம் நல்ல தண்ணீர். கலவைக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரக் குறியீடு. கம்பி போடாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை ஒப்புக்கொள்கிறது.

சாம்பல் பூச்சைப் பார்த்ததும் நம்மவர்கள் கடையில் போய்க் கேட்பது ஆசிட். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஊற்றியதும் நுரைக்கும், பூச்சு கரையும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். சிமெண்டிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு அமிலம் சேர்ந்தால் கால்சியம் குளோரைடு உண்டாகிறது. அது சாப்பாட்டு உப்பைவிடப் பெரிய ஈர உறிஞ்சி. அதற்கு 75 சதவீத ஈரப்பதம் தேவையில்லை, 30 சதவீதமே போதும். கடற்கரையில் அந்த அளவுக்குக் காற்று உலர்வதே அபூர்வம். அதனால் சரியாகக் கழுவாமல் விட்ட தரை மாதக்கணக்கில் பிசுக்காகவே இருக்கும், தூசியை வாவா என்று கூப்பிடும். மொசைக், மார்பிள், கடப்பாக் கல் போன்றவை சுண்ணாம்பு இனம். ஆசிட் பட்டால் மெருகே போய்விடும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கழிவறையில் அது உயிருக்கே ஆபத்து. சிமெண்ட் பால் தரையில் இறுகுவதற்குள், அன்றன்றே ஈரத்துணியும் நாருமாகத் தேய்த்து எடுத்துவிட்டால் ஆசிட்டுக்கு அவசியமே வராது.

இன்னொரு தூசியும் உண்டு. அது அறுத்ததாலோ இடித்ததாலோ வருவதில்லை, ஆனால் பழி அவற்றின் மேல் விழும். பூசி முடித்து, வெள்ளையடித்து, ஆட்களெல்லாம் போன பிறகும் சுவரோரம் தினமும் வெள்ளைப் பொடி கொட்டிக்கொண்டே இருக்கும். 'சுவரு உப்பரிக்குது' என்பார்கள். தரைக்குள்ளிருந்தோ, செங்கல்லிலிருந்தோ, கலவைத் தண்ணீரிலிருந்தோ வந்த உப்பு நீரோடு சுவரின் முகத்துக்கு வருகிறது. நீர் ஆவியாகிறது, உப்பு படிகமாகிறது. பூச்சின் நுண்துளைகளுக்குள் படிகம் வளரும்போது உண்டாகும் அழுத்தத்தைப் பூச்சு தாங்காது, பொரிந்து உதிரும். இங்கே மட்டும் நான் மேலே சொன்னதைத் திருப்பிப் போட வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி, கீழே காகிதம் விரித்துப் பிடித்து, வீட்டை விட்டே வெளியேற்ற வேண்டும். அதன் மேல் உடனே பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பது ஓட்டைக் குடத்துக்குச் சாயம் பூசுகிற காரியம். கொஞ்ச நாளில் தோலாக உரிந்து வரும். சுவர் உலரட்டும் என்று ஒரு கோடையை விட்டுப்பிடிப்பவர்கள் புத்திசாலிகள்.

தூசியை எங்கே கிளப்புவது என்பதைக் காற்றைக் கேட்டு முடிவு செய்யலாம். தெளிந்த நாட்களில் மதியவாக்கில் கடல்காற்று கிழக்கேயிருந்து ஏறும். அறுக்கும் வேலையை அந்த நேரத்தில் வீட்டின் மேற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் தூசி வீட்டுக்குள் வராமல் வெளியே போகும். ஆடி மாதக் காலையில் காற்று மேற்கேயிருந்து வரும், அப்போது மெஷினைக் கிழக்கே நகர்த்த வேண்டும். (தூசி போகும் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். நடுவே பச்சை வலையைக் கட்டி நனைத்து வைப்பது உறவுக்கும் நல்லது.) உள்ளேதான் அறுத்தாக வேண்டும் என்றால், அந்த அறையின் ஜன்னலில் ஒரு மேசை மின்விசிறியை வெளியே பார்த்து வைத்து, சுற்றியுள்ள இடைவெளியை அட்டையால் அடைத்துவிட வேண்டும். அறைக்குள் காற்றழுத்தம் கொஞ்சம் குறையும். கதவிடுக்கு வழியே காற்று அறைக்குள் போகுமே தவிர, அங்கிருந்து கூடத்துக்கு வராது. வாசற்படியில் தார்ப்பாயைத் தொங்கவிட்டு, அடியில் நனைத்த கோணியைப் போட்டால் காலோடு வரும் தூசியும் அங்கேயே நின்றுவிடும்.

இத்தனையும் வீட்டுக்காரர்களுக்கான கணக்கு. அந்த வீட்டிலேயே அதிகத் தூசியைத் தின்கிறவர் அங்கே குடியிருப்பவர் அல்ல, மெஷினைப் பிடித்திருப்பவர். டைல்ஸிலும் மணலிலும் கிரானைட்டிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. வானூர் வட்டத்தில் திருவக்கரைப் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும் உண்டு. ஆற்று மணல் கிடைக்காத காலத்தில் எம்-சாண்ட் என்று வீட்டு வேலைக்கு வருவது இப்படிக் கல்லை நொறுக்கிச் செய்த மணல்தான். நுரையீரலின் நுண்ணறைக்குள் குவார்ட்ஸ் தூள் போனால், அதை விழுங்கி அழிக்க வரும் காவல் செல் தானே செத்துப்போகிறது. துகள் வெளியே வருகிறது, அடுத்த செல் விழுங்குகிறது. அந்த இடம் தழும்பாகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். வேலையை விட்ட பிறகும் அது வளரும், காசநோய்க்கும் வழிவிடும், குணப்படுத்த மருந்து கிடையாது. காற்றில் கலந்த குவார்ட்ஸ் தூசியை 1997-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையை 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா தடையே செய்துவிட்டது. அறுத்த இளைஞர்கள் நோயாளிகள் ஆனதுதான் காரணம்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? எட்டு மணி நேர வேலையில் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம் என்பது அமெரிக்கா 2016-இல் வைத்த எல்லை. பத்துக்குப் பத்து அறையில், பத்தடி உயரத்துக்கு, சுமார் 28 கனமீட்டர் காற்று இருக்கும். அதை அந்த எல்லைக்குக் கொண்டுபோக ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவான நுண்தூளே போதும். உலர வைத்து ஒரு டைல்ஸை அறுக்கும்போது எழும் வெண்புகையில் ஆள் முகமே மறைகிறது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். முகத்தில் கட்டும் துண்டு பெரிய புழுதியைத் தடுக்கும், இந்த நுண்தூளைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும்.

தண்ணீர் விட்டு அறுக்கச் சொன்னால், "தண்ணி ஊத்துனா பென்சில் கோடு அழிஞ்சிடும்க்கா" என்பார் டைல்ஸ் போடுகிறவர். அவர் சொல்வதும் நியாயம்தான். எளிதில் அழியாத மார்க்கர் பேனா ஒன்று வாங்கிக் கொடுத்தால் அந்தத் தகராறு தீர்ந்தது. தண்ணீர்க் குழாய் வைத்த மார்பிள் கட்டர் கிடைக்கிறது. சாதாரண கிரைண்டரில் சொம்பால் தண்ணீர் ஊற்றுவது ஷாக் அடிக்கும் வேலை, அதைச் செய்யவே கூடாது. எந்த மெஷினானாலும், மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக மட்டுமே மின்சாரம் எடுக்க வேண்டும்.

பழைய வீட்டில் இரண்டு பொருளை உலர வைத்துத் தேய்க்கவோ அறுக்கவோ கூடாது. ஒன்று, பழைய எனாமல் பெயிண்ட். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மஞ்சள், பச்சை, சிவப்பு ஜன்னல் கதவுகளில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, நனைத்துத்தான் சுரண்ட வேண்டும், பிள்ளைகளை வேறு வீட்டில் விட்டுவிட்டு. மற்றொன்று, புயலில் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட். அதை நொறுக்காமல், நனைத்து, முழுசாக இறக்க வேண்டும். கிரைண்டர் பக்கமே போகக்கூடாது.

கடைசியாகச் சேறு மிஞ்சும். டைல்ஸ் அறுத்த தண்ணீரும் கலவைச் சட்டி கழுவிய தண்ணீரும் சேர்ந்த அந்தச் சாம்பல் குழம்பைச் சிங்க்கில் ஊற்றினால், சிமெண்ட் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். சிமெண்ட் இறுகக் காற்று தேவையில்லை, தண்ணீருக்குள்ளும் இறுகும். அதன் பி.எச். 12-க்கு மேல், முருங்கை அடியில் ஊற்றினால் வேர் வெந்துபோகும். பழைய பெயிண்ட் வாளியில் ஊற்றி ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் மேலே தெளிந்ததைத் தரைப் பூச்சுக்கான அடுத்த கலவையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதில் காரம் உண்டு. அடியில் தங்கியது இரண்டொரு நாளில் கட்டியாகிவிடும். வாளியைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினால் மொத்தமாக விழும். உடைத்த காரையோடு அதையும் மூட்டை கட்டிவிடலாம்.